இடது கால் பூட்ஸ்

காசிமேட்டு ஐஸில் மீன் வாசம் போகாது.
எத்தனை பையில் சுற்றி
கணுக்காலில் வைத்தாலும்
பையன்கள் மூக்கைச் சுளிப்பார்கள்:
"யக்கா, வஞ்சிரமா வவ்வாலா?"
"சங்கரா. வாயை மூடிக்கினு காலை நீட்டு."
இருபது நிமிடம்.
கடிகாரம் பார்ப்பது என் வேலை.

சான்றிதழ் வந்த அன்று
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
சரக்கு ரயில்.
கூரியர்காரர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
பழுப்பு உறை தெரிந்தது,
மறைந்தது,
தெரிந்தது.
இரண்டு முறை தோற்ற பரீட்சை.
முதல் முறை முழங்காலில்.
அடுத்த முறை ஆங்கிலத்தில்.
மூன்றாவது முறைக்கு
டோல்கேட் பஸ்ஸில் நின்றபடி
கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் மூன்றையும்
சங்கரா, சுதும்பு, கிழங்கான் என்று
ஏலம் கூவுகிற ராகத்தில் மனப்பாடம் செய்தேன்.

அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"டாக்டரா?"
இல்லை.
"நர்ஸா?"
இல்லை.
"பின்ன?"
"கீழ விழுந்தவங்ககிட்ட முதல்ல ஓடுறவ."
"அதுக்கா பரீட்சை?"

வியாசர்பாடி மைதானத்தில் எனக்குப் பெயர் டேப்பு.
செலின் ரோஸி என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும்.
ஒரு கணுக்காலுக்கு முக்கால் ரோல் பிடிக்கும்.
மிச்சக் கால் ரோலில்
யாராவது ஒருவன் கிழிந்த பந்தை ஒட்டிவிடுவான்.
சம்பளம், கிளப்பிடம் இருந்தால்.

அன்று ரயில்வே ஆட்கள் வந்து
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
எபினேசருக்காக என்று ஊருக்கே தெரியும்.
ஒரு கோல் அடித்துவிட்டிருந்தான்.
அறுபத்தோராம் நிமிடம், கார்னர்.
தலையும் தலையும் மோதிய சத்தம்
குடியிருப்பு மூன்றாம் மாடி வரை கேட்டதாம்.

எந்த மைதானம்? "நம்ம கிரவுண்டு."
எந்தப் பாதி? "செகண்டு ஆஃப்."
கடைசி கோல் யாரு? "நாந்தான்க்கா."
எல்லாம் சரி.
எழுந்து நின்றான். கைதட்டினார்கள்.
குனிந்து லேஸ் கட்டியபடி,
"யக்கா, ஸ்கோர் எவ்ளோ?"
ஒன்று பூஜ்யம் என்றேன்.
முடிச்சுப் போட்டான்.
"யக்கா, ஸ்கோர் எவ்ளோ?"

அவனை உட்கார வைத்து
இடது கால் பூட்ஸைக் கழற்றி
என் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

கோச் தணிகாசலம் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார்.
"தண்ணி ஊத்தி அனுப்பும்மா.
நாங்கல்லாம் ரத்தத்தோட ஆடினவங்க."
மாடியிலிருந்து ஒரு பெண்:
"ஏ டேப்பு, புள்ளைங்க பொழப்புல மண்ணப் போடாத!"
எபி என் கையைப் பிடித்து இழுத்தான்.
அழுதான்.
ஒற்றைக் கால் சாக்ஸோடு ஓடப் பார்த்தான்.
நான் எதுவும் பேசவில்லை.
பேசியிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஸ்டான்லியில் ஸ்கேனுக்கு வரிசை.
ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்டான்,
ஸ்கோர் எவ்ளோ.
"பெனால்டில தோத்துட்டோம்."
முகம் உடைந்தது.
நான்கு நிமிடம் கழித்து மறுபடி கேட்டான்.
சொன்னேன்.
மறுபடி உடைந்தது,
முதல் முறை கேட்பவன் போலவே.
ஏழாவது முறை
ஜெயிச்சிட்டோம்டா என்று நாக்கு நுனி வரை வந்தது.
பரீட்சையில் இதற்குக் கேள்வியே இல்லை.
தோத்துட்டோம் என்றேன்.

ரத்தக் கசிவு இல்லை.
மூன்று வாரம் ஓய்வு.
நாற்காலிகளை மடித்து எடுத்துப் போனவர்கள்
திரும்ப வருவார்களா, தெரியாது.
பூட்ஸை வாங்க யாரும் வரவில்லை.
பஞ்சுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில்
பையிலேயே கிடந்தது,
புல் ஒட்டிய ஆணிகளோடு.

பன்னிரண்டாம் நாள் மாலை
செருப்புக் காலோடு வந்து
கோட்டுக்கு வெளியே நின்றான்.
யாரோ ஒரு சிறுவனின் காலில் நான் ஐஸ் வைத்திருந்தேன்.
கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான்.
கை நீட்டி பூட்ஸை வாங்கிக்கொண்டான்.
என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தேதி போட்டு நோட்டில் எழுதினேன்:
தலைவலி இல்லை.
வெளிச்சம் கூசவில்லை.
கோபம் மறக்கவில்லை. நல்லது.